குருத்தோலையைக் கிழித்த கை: மாண்ட்ரியலில் ஒரு சுக்கோத் பகல்

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இது ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை. வயிற்றெரிச்சலில் போன பயணம். மாண்ட்ரியலின் அழகான தேவாலயங்கள், பழைய துறைமுகம், மலை உச்சியிலிருந்து தெரியும் நகரம் இதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் வேறு வலைப்பதிவு பார்ப்பது நல்லது. இதில் படங்கள்கூட இல்லை. ஏன் இல்லை என்று பின்னால் சொல்கிறேன்.

மிரியம் என்னோடு வேலை செய்பவள். மாண்ட்ரியலைச் சேர்ந்த யூதப் பெண், மொராக்கோவிலிருந்து வந்த குடும்பம். நான் இருப்பது ஆட்டவாவில். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. செப்டம்பரில் ஒருநாள் வேலைக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தபோது, "அடுத்த மாசம் சுக்கோத் வருது. அப்பா வீட்டுல பதினாலு பேர். சாப்பிட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் பாடுவோம்" என்றாள். யார் பாடுவார்கள் என்று கேட்டேன். "யாருன்னா? எல்லாரும்தான்" என்றாள். அவள் ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஆறு வருடமாகப் பொங்கல் கும்மிப் பாட்டுக் குழுவை நடத்துவது நான். முதல் வருடம் பத்தொன்பது பிள்ளைகள். இந்த வருடம் ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டு பேர், அம்மா செயற்குழுவில் இருக்கிறார் என்பதற்காக வருபவர்கள். செயற்குழு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது: பாட்டை முன்கூட்டியே டிராக்காகப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம், பிள்ளைகள் மேடையில் வாயசைத்தால் போதும். சரி என்றோ இல்லை என்றோ சுக்கோத் வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் கும்மிப் பாட்டு அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல என் கையில் பிள்ளைகள் இல்லை. என் மகள் இனியாவே இரண்டு வருடம் முன்பு குழுவை விட்டுப் போய்விட்டாள். பன்னிரண்டு வயது. வீட்டில்கூடப் பாடுவதில்லை. கேட்பவர்களிடமெல்லாம் அவளுக்கு ஆர்வமில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

இவர்கள் மட்டும் எப்படிப் பிள்ளைகளைப் பாட வைக்கிறார்கள்? ஏதாவது சூட்சுமம் இருக்க வேண்டும். அதைப் பார்த்து அப்படியே தூக்கிக்கொண்டு வருவதுதான் என் திட்டம். மிரியத்திடம் நானாகவே கேட்டு அழைப்பை வாங்கிக்கொண்டேன். இனியாவுக்குப் பள்ளியில் ஒருநாள் விடுப்பு சொன்னேன்.

சுக்கோத் என்பது அவர்களுடைய அறுவடைத் திருநாள். அவர்களின் முன்னோர்கள் பாலைவனத்தில் அலைந்தபோது குடிசைகளில் தங்கியதன் நினைவாக, வீட்டுக்கு வெளியே ஒரு பந்தல் போட்டு ஏழு நாள் அதில்தான் சாப்பிடுவார்கள். கூரைக்கு வெட்டிய கிளைகளும் கீற்றும்தான் போட வேண்டும், இடுக்கு வழியே வானம் தெரிய வேண்டும். அந்தப் பந்தலுக்குப் பெயர் சுக்கா. இதை வீட்டில் சொன்னதும் என் கணவர், "மட்டனா, சிக்கனா?" என்று கேட்டார். அவரை விட்டுவிட்டுத்தான் போனோம்.

திங்கள்கிழமை மாலை 3.30க்கு ஆட்டவாவிலிருந்து பேருந்து. சுமார் 200 கிலோமீட்டர், இரண்டு மணி இருபது நிமிடம், ஆளுக்கு 36 டாலர். இறங்கிய இடத்துக்குக் கீழேயே மெட்ரோ. வில்லரே பகுதியில் ஓர் அறை எடுத்திருந்தேன், ஓர் இரவுக்கு 92 டாலர். அறை சின்னது, ஆனால் சுத்தமானது. படுத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது கேட்கும். அந்த விலைக்கு அது பரவாயில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு நடந்தே ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம், பன்னிரண்டு நிமிடம். விருந்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போக முடியுமா? முதலில் பால்கோவா கிண்டிக் கொண்டுபோகலாம் என்றுதான் நினைத்தேன். மிரியம் நல்லவேளை தடுத்துவிட்டாள். அவர்களின் உணவு விதிகளில் நம் சமையலறையிலிருந்து போகும் எதுவும் மேசைக்கு வராது. வெட்டாத பழம் கொண்டு வா என்றாள். நாலு மாதுளை பத்து டாலர் என்று வாங்கிக்கொண்டேன். தக்காளியைக் கூடை கூடையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் கை பரபரத்தது. பேருந்தில் தக்காளிக் கூடையோடு போக முடியாது என்று இனியா இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்கிருந்து நீலத் தடம் மெட்ரோ, 3.75 டாலர். நேரம் இருந்ததால் நடுவில் ஊத்ரமோன் நிலையத்தில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். தெருவுக்குத் தெரு பால்கனிகளில் பலகையும் தார்ப்பாயுமாகப் பந்தல்கள். கறுப்பு அங்கியும் உரோமத் தொப்பியும் போட்ட ஆண்கள் கையில் நீளமான உறைகளைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனார்கள். அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே இருந்தது குருத்தோலை. விரியாத பேரீச்சைக் குருத்து. பனி விழப்போகும் ஊரில், அக்டோபர் குளிரில், எங்கிருந்தோ வரவழைத்த குருத்தோலை! எங்கள் பொங்கல் விழாவில் நாங்கள் கட்டுவது பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அதையும் விழா முடிந்ததும் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டு வைப்போம். அப்பாக்களின் பின்னால் ஏழெட்டுச் சிறுவர்கள் ஏதோ பாடிக்கொண்டே போனார்கள். பாடச் சொல்லி யாரும் பின்னால் நின்று மிரட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி மெட்ரோ ஏறிக் கடைசி நிலையமான ஸ்னோடனில் இறங்கினோம். மிரியத்தின் அப்பா வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், கோட் செயின்ட் லூக்கில். டாக்ஸி பிடித்தோம், பதினான்கு டாலர். நாங்கள் பேசியதைக் கேட்டதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"தமிழோ? எங்கை போறியள், தங்கச்சி?"

விலாசத்தைச் சொல்லி, அவர்கள் திருநாளுக்கு என்றேன்.

"ஓம், இண்டைக்கு அவையின்ரை பெருநாள். அவை இண்டைக்குக் கார் ஓடாயினம், ஃபோனும் தொடாயினம். எல்லாரும் நடைதான். பாருங்கோ, ரோட்டு முழுக்கச் சனம்."

"எப்படிண்ணா இவங்க மட்டும் இப்படி வச்சிருக்காங்க?"

"அதைத்தான் நானும் இருவத்தெட்டு வருசமாப் பாக்கிறன். டொலார்ட் எண்ட இடத்திலை இருக்கிற எங்கடை முருகன் கோயிலுக்கு என்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறனான். வருங்கள். பேந்து காருக்குள்ளை இருந்து ஃபோனை நோண்டுங்கள். கேட்டா, 'அப்பா, எங்களுக்கு அங்கை செய்ய ஒண்டும் இல்லை' எண்டு பிரெஞ்சிலை சொல்லுங்கள்." பெருமூச்சு விட்டார். "எரிச்சல்தான் வருது, தங்கச்சி."

அப்பாடா, துணைக்கு ஒருவர் கிடைத்தார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இனியா தன் ஃபோனை மெல்லப் பைக்குள் வைத்தாள்.

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு குடும்பங்கள் மேலும் கீழுமாக இருக்கும் வீடு. மேல்வீட்டுக்கு வெளியிலிருந்து இரும்புப் படிக்கட்டு. கீழ்வீட்டின் பின்புறத் தோட்டத்தில் சுக்கா. மூன்று பக்கம் துணிச் சுவர், மேலே பைன் கிளைகள், உள்ளே நீள மேசை. மிரியத்தின் அப்பா ஆர்மாண்டுக்கு எண்பது வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், பேசுவதெல்லாம் பிரெஞ்சு. எனக்குப் பிரெஞ்சில் போன்ஜூருக்கும் மெர்சிக்கும் மேல் வராது. இனியா பள்ளியில் பிரெஞ்சில்தான் படிக்கிறாள். போன ஐந்தாவது நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளவளவென்று பேச ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மேசையில் எல்லாம் தயார். யாரும் தொடவில்லை. திருநாள் காலையில் குருத்தோலையை ஆசீர்வாதம் சொல்லிக் கையில் பிடித்து அசைத்த பிறகுதான் சாப்பிட வேண்டுமாம். மற்றவர்கள் தொழுகைக் கூடத்திலேயே அதை முடித்துவிட்டார்கள். ஆர்மாண்டால் முழங்காலோடு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அதனால் குடும்பத்தின் குருத்தோலையை மகன் டேவிட் காலையில் கொண்டுபோய்விட்டு அப்போதுதான் திரும்பக் கொண்டு வந்திருந்தான். நடுவே பேரீச்சைக் குருத்து, இரண்டு பக்கமும் சின்ன இலைக் கொத்துகள். மொராக்கோ வழக்கப்படி சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டு நூல் சுற்றிக் கட்டியிருந்தது. கூடவே கடாரங்காய் மாதிரி ஒரு பழம். அதைப் பார்த்ததும் ஊறுகாய்தான் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தொகுப்புக்கு 90 டாலர் ஆனதாம்.

ஆர்மாண்ட் அதை என் கையில் கொடுத்தார். "உங்க ஊர்ல பனை, தென்னையெல்லாம் உண்டாமே, பிடிச்சுப் பாருன்னு சொல்றாரு" என்றாள் இனியா. அவர் கை கழுவ உள்ளே போனார். நான் பிடித்துக்கொண்டு மிரியத்தோடு பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாகர்கோவில். சின்ன வயதில் எந்தத் திருவிழா வந்தாலும் எங்கள் தெருவில் தோரணம் முடைகிற வேலை எனக்குத்தான் வரும். குருத்தோலை கைக்கு வந்தால் கட்டைவிரல் நகம் நுனியில் இறங்கும், ஓலை இரண்டாகப் பிளக்கும், ஒன்றை மடித்து மற்றதைச் சுற்றினால் கிளி. இதற்கு யோசனை தேவையில்லை, வேறு எதையாவது பேசிக்கொண்டே செய்யலாம். நானும் பேசிக்கொண்டேதான் செய்தேன்.

"அம்மா! என்ன பண்ற?"

குனிந்து பார்த்தேன். நடுக்குருத்து நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிளியின் அலகு உருவாகியிருந்தது.

டேவிட் வந்து வாங்கிப் பார்த்தான். ஆர்மாண்ட் ஈரக் கையோடு வந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். வேகமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். இனியா என் காதோரம் வந்தாள். "நடுவுல இருக்கிற இலை கிழியக் கூடாதாம்மா. கிழிஞ்சா இன்னைக்கு இது செல்லாதாம்." செல்லாது. முப்பது வருடமாக மறந்துபோயிருந்த கைவேலை, ஞாபகம் வருவதற்கு இந்த நேரம் பார்த்திருக்கிறது. பதினான்கு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கடை இல்லை, கார் இல்லை, ஃபோன் இல்லை. தொழுகைக் கூடம் நடந்து போய்வர ஐம்பது நிமிடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஆர்மாண்ட் கிழிந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இனியாவிடம் ஏதோ கேட்டார்.

"இது என்ன பறவைன்னு கேக்குறாரு."

"கிளின்னு சொல்லு" என்றேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமாகத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது மேலிருந்து ஒரு குரல். மேல்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போலந்து வழி யூதர், எழுபது வயதுக்காரர். இரண்டு வீட்டுக்கும் எட்டு வருடமாகப் பேச்சு அவ்வளவு சுகமில்லை என்று மிரியம் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். சண்டை மெட்டைப் பற்றி. "எல்லாத்தையும் கல்யாண வீடு மாதிரிப் பாடுறீங்க" என்பது அவர் குற்றச்சாட்டு. "உங்க ஆளுங்க எல்லாத்தையும் எழவு வீடு மாதிரிப் பாடுறாங்க" என்பது ஆர்மாண்டின் பதில். அந்த மனிதர் விஷயம் என்ன என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இரும்புப் படி அதிர இறங்கி வந்தார், கையில் அவருடைய குருத்தோலை.

இங்கேதான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. கொடுத்தோமா வாங்கினோமா என்று இல்லாமல், அவர் நிமிர்ந்து நின்று சாட்சி சொல்வதுபோல ஒரு வாக்கியம் சொன்னார். மிரியம் எனக்கு விளக்கினாள். முதல் நாளில் ஓலை அவரவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இரவல் செல்லாது. அதனால் இரவல் தருவதில்லை, பரிசாகத் தருகிறார்கள், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு நிமிடமானாலும் அந்த இரண்டு நிமிடம் அது முழுக்க வாங்கியவருக்குத்தான் சொந்தம். திருப்பித் தராவிட்டால் பரிசே கொடுக்கப்படவில்லை என்று ஆகிவிடும். பிழை தேடியே பழகிய எனக்கு அந்த விதியில் ஓர் ஓட்டைகூடக் கிடைக்கவில்லை. ஆள் தவறு செய்வான் என்று முன்கூட்டியே யோசித்து வழி செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஆர்மாண்ட் வாங்கி, ஆசீர்வாதம் சொல்லி, ஒவ்வொரு திசையாக அசைக்கத் தொடங்கினார். மேல்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. திசை வரிசை தப்பு என்று கை காட்டினார். அவர்கள் வழக்கத்தில் வேறு வரிசையாம். ஆர்மாண்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப இது என்னோடது, நான் என் இஷ்டத்துக்குத்தான் ஆட்டுவேன்னு சொல்றாரு" என்றாள் இனியா. மேசையே சிரித்தது. மேல்வீட்டுக்காரரும் சிரித்தார். ஓலை திரும்பி அவர் கைக்குப் போனதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்கள்.

சாப்பாடு பற்றி இரண்டு வரி. சிவப்புக் குடைமிளகாயில் வெந்த மீன், ஏழு காய்கறி போட்ட கூஸ்கூஸ் என்ற ரவை உப்புமா மாதிரி ஒன்று, கடைசியில் நாங்கள் கொண்டுபோன மாதுளை. காரம் நமக்குப் பத்தாது, மணம் பத்தும்.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. நான் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாத்தியம் இல்லை, திருநாளில் தொடக்கூடாதாம். புத்தகம் சிலர் கையில் மட்டும். டேவிட் எடுத்த சுருதி யாருக்கும் எட்டவில்லை, யாரும் கவலைப்படவில்லை. ஓர் அத்தை தாளம் விட்டு மூன்று அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி வரியின் கடைசி வார்த்தையை மட்டும் கத்தினாள். கேட்பவர் என்று ஒருவர்கூட அங்கே இல்லை, எல்லாரும் பாடுபவர்கள். யாரும் படம் பிடிக்கவில்லை. எங்கள் விழாவில் பாடும் பிள்ளைக்கு முன்னால் முப்பது ஃபோன் நீட்டிக்கொண்டிருக்கும். சங்கீதமாக மதிப்பெண் போட்டால் நூற்றுக்கு முப்பது தேறாது. நான் வகுப்பில் சேர்த்துக்கொள்ளாத குரல்கள். ஆனாலும் அந்த மேசையில் இருந்த ஒவ்வொரு ஆள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது, ஆறு வயதுப் பெண் உட்பட.

மேல்வீட்டுக்காரர் முறை வந்தது. அவர் எடுத்தது வார்த்தையே இல்லாத ஒரு மெட்டு. வெறும் யாய், லாய், தாய் அவ்வளவுதான். அவருடைய தாத்தா வீட்டு மெட்டாம். ஆர்மாண்ட் முகத்தைச் சுளித்தார், இரண்டாம் சுற்றில் அவரும் சேர்ந்துகொண்டார். வார்த்தை இல்லாததால் தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை. மேசையில் தட்ட ஆரம்பித்தார்கள். மூன்றாம் சுற்றில் என் இடது பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

இனியா பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மேசையை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, வாயைத் திறந்து பாடினாள். என் வீட்டில் இல்லை, என் பாட்டில் இல்லை, யாரோ ஒருவரின் தாத்தா மெட்டில். சந்தோஷம் என்று சொல்ல ஆசைதான். அது பொறாமை, சுத்தமான பொறாமை. அந்தப் போலந்துத் தாத்தா மேல், ஆர்மாண்ட் மேல், அந்த மேசை மேல்.

மெட்டு மேலே ஏறும் இடத்தில் அவளுக்குச் சுருதி சற்றுக் கீழே இறங்கியது. என் ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. இன்னும் கொஞ்சம் மேலே என்று காட்டும் விரல். வகுப்பில் ஆறு வருடமாகக் காட்டிய விரல்.

அவள் கண்ணைத் திறந்தாள். விரலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மற்றவர்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் என் பக்கம் சாய்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "அம்மா, நீ கொஞ்சம் வெளியில போயிட்டு வர்றியா?"

ஆர்வமில்லை என்று நான் ஊரெல்லாம் சொன்னது பொய். அவளைப் பத்து வயதில் ஒரு ஒத்திகையில் ஒரே வரியைப் பதினொரு முறை பாட வைத்தேன், மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. பன்னிரண்டாவது முறை அவள் பாடவில்லை. அதற்குப் பிறகு பாடவே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆர்வமில்லை என்று சொன்னேன்.

எழுந்தேன். துணியை விலக்கிக்கொண்டு வெளியே போய் இரும்புப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்றேன். ஒன்பது டிகிரி குளிர், மேல்கோட்டு உள்ளே இருந்தது. ஒரு சுற்று முடிந்தது. அவள் குரல் இல்லை. அடுத்த சுற்றின் பாதியில் வந்தது. துணிச் சுவர் வழியே நன்றாகக் கேட்டது. அதே இடத்தில் சுருதி இறங்கியது. அதற்கடுத்த சுற்றிலும் இறங்கியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை, மிரியம் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது கை விறைத்துப் போயிருந்தது. உள்ளே வரச் சொன்னாள். பாட்டு முடியட்டும் என்றேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஸ்னோடன் வரை நடந்தோம், நாற்பது நிமிடம். ஏழு மணிப் பேருந்து பாதி வழி தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன்.

"பொங்கலுக்கு டிராக் வேணாம்னு சொல்லலாம்னு இருக்கேன். நீ குழுவுல பாடுறியா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "யாரு சொல்லித் தருவா?"

"யாரும் இல்ல. வர்றவங்க பாடட்டும்."

"நீ உள்ள இருப்பியா?"

"இருக்க மாட்டேன்."

"அப்ப வரேன்" என்றாள். தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சுக்கோத் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் வரும், ஒவ்வொரு வருடமும் தேதி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் நடந்து பந்தல்களைப் பார்க்க ஊத்ரமோன் போதும், அழைப்பு வேண்டாம். ஆனால் பால்கனியை நோக்கிக் கேமராவைத் தூக்காதீர்கள், வீடு அது, கண்காட்சி இல்லை. வீட்டுக்குள் போக அழைப்பு வேண்டும், கேட்டால் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு நாள் போனால் அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள், ஃபோனைப் பையிலேயே வையுங்கள். இந்தப் பதிவில் படம் இல்லாததற்கு அதுதான் காரணம். சமைத்த எதையும் கொண்டுபோகாதீர்கள். தடித்த சாக்ஸ் போடுங்கள், பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவது நாம் நினைப்பதைவிடக் குளிர். நாங்கள் இருவர், ஓர் இரவு, எல்லாம் சேர்த்து 300 டாலருக்குள் முடிந்தது. குருத்தோலையைக் கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக நாஞ்சில் நாட்டுக்காரர்கள்.

சூட்சுமம் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இருக்கும் கட்டுப்பாடும் பள்ளிகளும் தெருத் தெருவாகச் சேர்ந்து வாழ்வதும் நமக்கு இல்லை, அதை ஒரே நாளில் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. வயிற்றெரிச்சலும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை காலை செயற்குழுவுக்கு எழுதினேன்: டிராக் வேண்டாம், பிள்ளைகளோ பெரியவர்களோ யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம், குரல் பார்க்கப்படாது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. மூன்று பெரியவர்கள் உடனே பெயர் கொடுத்தார்கள், மூவருக்கும் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. ஒத்திகை சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு, சங்கத்து மண்டபத்தில். நான் அடுத்த அறையில் தேநீர் போடுவேன், நடுவில் கதவு சாத்தியிருக்கும். எதிரே உட்கார்ந்து இனியா பாடுவதைப் பார்க்கப்போகிற அந்த மூன்று பேர் மேலும் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது.